குரோட்டன்ஸும் என் வலது காலும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நர்சரியில் கேட்டார்கள். எனக்கு மேடை பழக்கமில்லை. எழுதவும் வராது. என் பேரை எழுதுவேன், பஸ்ஸில் ஊர்ப் பேரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல, செடிக்குக் கவர் கட்டும் கஸ்தூரி எழுதுகிறாள். "யக்கா, நீ பேசற மாரியே எழுதினா நல்லா இருக்காது" என்று அவளே எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறாள். மாற்றிக்கொள்ளட்டும். ஆள் ஆளுக்குப் பேசிக்கொண்டதை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எந்தச் செடிக்கு எவ்வளவு எரு, எத்தனை நாளுக்கு ஒரு தரம் மருந்து என்பதெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் காட்டிக் கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. இந்த நர்சரியில் பதினைந்து வருஷம் வேலை செய்தேன். இவ்வளவு பெரிய தப்பை அதற்கு முன்னும் யாரும் செய்ததில்லை, பின்னும் யாரும் செய்ததில்லை. அதில்கூட என்னை ஒருத்தி தாண்டவில்லை.

நான் நடவுக்காரி. உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் என் கால் படாத கழனி குறைவு. வேனில் ஏற்றிக்கொண்டு போய் தாமலில் நட்டிருக்கிறோம், தென்னேரியில் நட்டிருக்கிறோம். பறியும் நாங்களே, நடவும் நாங்களே. எங்கள் தெருவுக்குச் சொந்த நிலம் கிடையாது. ஆனால் யார் நிலமானாலும் நாற்று எங்கள் கையைப் பார்த்துத்தான் நிற்கும். நாற்று பறிக்கும்போது ஒரு பிடி சேர்ந்ததும் தண்ணீரில் அலசி, வலது காலை முன்னால் நீட்டி, வேரைக் கணுக்காலின் பக்கத்தில் நாலு அடி அடிப்போம். மண் உதிர்ந்துவிடும். வேர் நரைத்த முடி மாதிரி வெள்ளையாகத் தொங்கும். அப்புறம்தான் கட்டாகச் சேர்த்து நாற்று முடி கட்டுவது. மண்ணோடு முடி கட்டுகிறவளை அடுத்த தரம் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அது சோம்பேறி வேலை.

பிறகு நடவு மெஷின் வந்தது. ஒரு பருவத்தில் இருபது நாள் வேலை போய், ஆறு நாள் ஆயிற்று. அப்போதுதான் நான் ஏரிக்கரை ஓரத்தில் இருக்கும் இந்த நர்சரிக்கு வந்து கேட்டேன். முதலாளி ஒரு ரிட்டயர்டு டீச்சர். எல்லோருக்கும் டீச்சரம்மாதான். அதுவரை இங்கே ஆம்பிளைகள் மட்டும்தான் வேலை செய்தார்கள். அவர்களை எல்லாம் கூட்டிவந்தவர் ஒரு மேஸ்திரி, சித்தூர் பக்கத்துக்காரர். கேட் பக்கத்தில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வயக்காட்டு வேலை வேற, இது வேறம்மா. இது அலங்காரச் செடி. வூட்டுக்குள்ள வெக்கிறது. பூ கிடையாது, காய் கிடையாது. இலைதான் எல்லாமே. ஒரு இலை கிழிஞ்சா அந்தத் தொட்டியை எவனும் வாங்க மாட்டான்."

"மண்ணுல கையை வெக்கிற வேலை எதுவா இருந்தா இன்னா மேஸ்திரி? ஒரு மாசம் பாருங்க. சரியில்லன்னா நானே போயிடறேன்" என்றேன்.

டீச்சரம்மா நடுவில் வந்து, "எத்தனை பேர் வருவீங்க?" என்று கேட்டார்.

"எட்டுப் பேரும்மா. எட்டுப் பேருக்கும் நான் பொறுப்பு."

அந்தக் கடைசி வார்த்தையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். அது எப்படித் திரும்பி வந்தது என்று பாருங்கள்.

வந்து ஒரு மாசம் ஆகியிருக்கும். செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு புதுக் கல்யாண மண்டபத்துக்கு முந்நூறு தொட்டி குரோட்டன்ஸ் கேட்டிருந்தார்கள். அகல இலை ரகம். ஒரே இலையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். நரம்பு மட்டும் ரோஸ் கலரில் ஓடும். சின்ன பிளாஸ்டிக் கவரில் வளர்ந்து நின்ற செடிகளைப் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். மேஸ்திரிக்கு அன்றைக்குப் பார்த்து ஊரில் தங்கச்சி மகள் சடங்கு. பஸ்ஸுக்கு அவசரமாகக் கிளம்பிக்கொண்டே சொன்னார்: "கவரைக் கிழிச்சிட்டு தொட்டியில வெச்சு மண்ணைப் போடுங்க. அவ்ளோதான். ரெண்டு நாள்ல வந்துடறேன்."

அவ்வளவுதான் சொன்னார். மண் கட்டியோடு வை என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. மூச்சு விடு என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

நான் முதல் கவரைக் கிழித்தேன். வேரைச் சுற்றி ஒரு படி அளவுக்கு மண் கட்டி. பார்த்ததும் எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்த ஆம்பிளைகள் இத்தனை நாள் இப்படி அழுக்கோடுதான் வைத்திருக்கிறார்களா? வலது காலை முன்னால் நீட்டினேன். நாலு அடி. மண் உதிர்ந்தது. பக்கத்தில் இருந்த டப் தண்ணீரில் ஒரு அலசு. வேர் வெள்ளையாகத் தொங்கியது.

"பாத்துக்கினீங்களா?" என்றேன். "எல்லாரும் இது மாரியே செய்யுங்க. மேஸ்திரி வந்து பாத்தா வாயடைச்சிப் போவணும்."

எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். ஏழு பேர் காலில் அடித்தோம். கழனியில் பாடுகிற மாதிரி பாட்டு வேறு. ஆளுக்கு ஒரு வரிசை. அஞ்சலை ஒருத்திதான் அடிக்காமல், கவரைக் கிழித்து அப்படியே தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அடியே அஞ்சலை, கால் இன்னா சாமிக்கு நேந்து விட்டதா?"

"சேத்துப்புண்ணு யக்கா. வெரலு இடுக்குல வெந்து போயி கீது. மண்ணு பட்டாலே உசிரு போவுது. நீ வந்து என் காலை வெச்சுக்கினு அடிச்சுப் பாரு, தெரியும்."

"புண்ணுன்னா வூட்டுல படுத்துக்கினு இருக்கணும். சோம்பேறி வேலை செஞ்சு என் பேரைக் கெடுக்காத. உன் வரிசை மட்டும் எப்பிடி நிக்கப்போவுதுன்னு பாரு."

"நின்னா நிக்குது, வுழுந்தா வுழுது. போ யக்கா."

இரண்டு நாளில் முந்நூறும் முடிந்தது. மேஸ்திரி வந்து பார்த்தார். தொட்டிகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. மண்ணுக்குள் வேர் எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? "பரவால்லியே" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அது வருவதே பெரிசு. அன்று நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

நாலாம் நாள் இலை தொங்க ஆரம்பித்தது. வாடின பயிருக்கு என்ன செய்வோம்? தண்ணீர் விடுவோம். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் விட்டேன். ஆறாம் நாள் உதிர ஆரம்பித்தது. குரோட்டன்ஸ் இலை உதிர்வதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காய்ந்து, சுருங்கி விழாது. நல்ல கலரோடு, பளபளவென்று இருக்கும்போதே காம்பைக் கழற்றிக்கொண்டு விழும். தொட்டால் விழும், பக்கத்தில் நடந்தால் விழும். பத்தாம் நாள் கீழே கோலம் போட்டு அழித்த மாதிரி மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தது. தொட்டிகளில் வெறும் குச்சி நின்றது.

மேஸ்திரி ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். நான் விட்ட தண்ணீரில் மண் சேறாகி, வேர் நுனி கருத்திருந்தது. முகர்ந்து பார்த்தார். "வேர் அழுகல் மாரி கீதும்மா" என்று டீச்சரம்மாவிடம் சொன்னார்.

டீச்சரம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. நாங்கள் வருவதற்கு முன்னால் ஒரு தரம் ரோஜாவில் இப்படி ஒரு நோய் வந்து, இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம், இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று விட்டதில் பாதித் தோட்டம் போய்விட்டதாம். இந்த முறை காத்திருக்க மாட்டேன் என்று விட்டார். முந்நூறு தொட்டியை மட்டும் அல்ல, அந்த வரிசைகளுக்குப் பக்கத்தில் இருந்த தாய்ச்செடிகளையும் வெட்டிக் கொளுத்தச் சொன்னார்.

தாய்ச்செடி உங்களுக்குத் தெரியும். கிணற்றுக்கு மேற்கே, ஆள் உயரம் தாண்டி, நாற்பத்திரண்டு நிற்கிறதே, அதுதான். பதியன் கட்டுவதும், குச்சி வெட்டுவதும் எல்லாம் அதிலிருந்துதான். இந்த நர்சரியின் ஒவ்வொரு குரோட்டன்ஸும் அந்த நாற்பத்திரண்டின் பிள்ளை, பேரப்பிள்ளை. டீச்சரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் நர்சரி ஆரம்பித்த வருஷம் தங்கள் கையால் வைத்தவை. வீட்டுக்காரர் இப்போது இல்லை. அதிலும் அடியில் நாலு பழுத்த இலை விழுந்து கிடந்தது. எப்போதும் விழுகிற இலைதான். ஆனால் பயந்த கண்ணுக்கு அதுவும் நோயாகத் தெரிந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மரம் அறுக்கிற மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் வந்தான். நாங்கள் எட்டுப் பேரும் தொட்டிகளைக் கொளுத்தத் தோண்டின குழி ஓரத்துக்குத் தூக்கிப் போக வந்து நின்றோம். டீச்சரம்மா தாய்ச்செடிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார். மெஷின்காரப் பையன் மட்டும், "எனக்கு இன்னும் ரெண்டு எடத்துல வேலை கீது, சீக்கிரம் சொல்லுங்க" என்று கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் தொட்டியைத் தூக்கக் குனிந்தேன். பத்து நாளாக வாடினதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் கடைசி வரிசை கண்ணில் பட்டது. மற்ற வரிசை எல்லாம் குச்சி. கடைசியில் முப்பது, முப்பத்தைந்து தொட்டி மட்டும் மஞ்சளும் சிவப்புமாக, ஒரு இலை குறையாமல், யாரோ இப்போதுதான் கொண்டுவந்து வைத்த மாதிரி நின்றது.

அது யார் வரிசை?

எனக்குத் தெரியும். தெரிந்த அந்த நிமிஷத்தில் என் வலது கால் ஜில்லென்று ஆயிற்று.

நோய் என்றால் வரிசை பார்த்தா வரும்? அஞ்சலை செய்ததை விட்டுவிட்டு, நாங்கள் செய்ததை மட்டும் பார்த்தா வரும்? அங்கே நோய் எதுவும் இல்லை. நோய் நான்தான்.

பக்கத்தில் நின்ற பவுனு என் முகத்தைப் பார்த்தாள். அவள் எனக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி முறை. சிறு வயதிலிருந்து கூடவே நட்டவள். என் பார்வை போன இடத்துக்கு அவள் பார்வையும் போனது. புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"யக்கா, வாயை மூடிக்கினு நில்லு."

"பவுனு, அந்த வரிசையைப் பாருடி."

"பாத்தேன். நோயின்னு அவங்களே சொல்லிட்டாங்க இல்ல? நோயாவே இருந்துட்டுப் போவட்டும். நீ இன்னாத்துக்கு நடுவுல போற? நாமதான் செஞ்சோம்னு தெரிஞ்சா எட்டுப் பேரும் வெளிய. நடவும் இல்ல, இதுவும் இல்ல. என் பொண்ணு பத்தாவது படிக்குது யக்கா."

அவள் சொன்னதில் ஒரு பொய்யும் கிடையாது. பேசாமல் இருந்தால் எங்கள் எட்டுப் பேருக்கும் வேலை இருக்கும். பேசினால் நாற்பத்திரண்டு தாய்ச்செடி இருக்கும். அந்தப் பக்கம் பையன் மறுபடி கயிற்றை இழுத்தான். மெஷின் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது.

நான் வீரத்தால் பேசினேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு வந்தது வெட்கம். நாற்று முடி அடித்து முப்பது வருஷம் பேர் வாங்கினவள், யாரோ வைத்த செடியை என் தப்புக்காக வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றால், அப்புறம் எந்த மண்ணில் கை வைப்பேன்?

"மேஸ்திரி! நிறுத்தச் சொல்லு!" என்று கத்தினேன். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மேற்குக் கோடித் தாய்ச்செடியின் தாழ்ந்த கிளை ஒன்று அறுந்து விழுந்தது. ஓடிப்போய் தாய்ச்செடிக்கும் பையனுக்கும் நடுவில் நின்றுவிட்டேன்.

"யம்மா, இன்னா இது, கை கால் போயிடப்போவுது!" என்று பையன் பின்னால் குதித்தான்.

மேஸ்திரி வந்தார். "நைனா, ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு. இன்னாம்மா உனக்கு?"

"இது நோய் இல்ல மேஸ்திரி. நான் செஞ்சது."

டீச்சரம்மா எழுந்து வந்தார். நான் பேச்சை வளர்க்கவில்லை. குச்சியாய் நின்ற செடி ஒன்றைத் தொட்டியிலிருந்து பிடுங்கினேன். மண் ஒட்டாமல் மொட்டையாக வந்தது. "அஞ்சலை, உன்னுதுல ஒண்ணு எடு" என்றேன். அவள் நொண்டிக்கொண்டே போய் ஒன்றை எடுத்தாள். கவரில் இருந்த கட்டி உடையாமல் அப்படியே வந்தது, சுற்றிலும் புது வேர் நூல் நூலாக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வலது காலை நீட்டி, நாலு அடி அடித்துக் காட்டினேன்.

"நாத்துக்குச் செய்யற மாரி செஞ்சோம்மா. மண்ணை உதறி, தண்ணியில அலசி வெச்சோம். வாடிச்சுன்னு மூணு வேளை தண்ணி வுட்டேன். எல்லாரும் நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க. அவ மட்டும் புண்ணுன்னு அடிக்கல. அவளை நான் திட்டினேன்."

மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவி பொம்பளை! முந்நூறையும் குளிப்பாட்டி வெச்சிருக்கியே! சோப்பு ஒண்ணுதான் போடல!"

பிறகு அந்தக் குச்சியை என் கையிலிருந்து வாங்கி, கட்டை விரல் நகத்தால் தோலை லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை. ஈரமான, இளம் பச்சை. இன்னொன்றைச் சுரண்டினார். பச்சை. கண்டபடி நாலைந்து வரிசையில் எடுத்து எடுத்துச் சுரண்டினார். சிலதில் பழுப்பு. மற்றதெல்லாம் பச்சை.

"உசிரு கீதும்மா" என்றார் டீச்சரம்மாவைப் பார்த்து. "இலையைத்தான் கீழ போட்டிருக்கு. இவளுங்க கையில சாவக் கூடாதுன்னு கம்முனு நின்னுக்கினு கீது. நானும் வேரைத்தான் பாத்தேன், தண்டைப் பாக்கல. என் தப்பும் கீது."

எனக்கு அந்த மனிதர் மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை போகவில்லை. எல்லாப் பழியையும் என் தலையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் வாங்கிக்கொள்ள வேண்டியது அதில் ஒரு சின்னப் பங்குதான். அந்தப் பங்கை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

டீச்சரம்மா மெஷின்காரப் பையனிடம், "நீ போப்பா, வந்ததுக்குக் கூலி வாங்கிட்டுப் போ" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினார். அது இன்னும் பயமாக இருந்தது.

"எட்டுப் பேருக்கும் நான் பொறுப்புன்னு நீதான சொன்ன முனியம்மா?"

"ஆமாம்மா."

"அப்ப இந்த முந்நூறுக்கும் நீதான் பொறுப்பு. மேஸ்திரி சொல்றபடி பார்த்துக்கோ. ஒரு மாசம். துளிர்த்தா எட்டுப் பேரும் இருங்க. துளிர்க்கலன்னா எட்டுப் பேரும் வர வேண்டாம். சரியா?"

"சரிம்மா."

பிள்ளைகளே, அந்த ஒரு மாசம் இருக்கிறதே, அது நாலு நடவுக்குச் சமம். வேலை கனம் என்பதால் இல்லை. வேலையே இல்லை என்பதால். மேஸ்திரி தொட்டிகளை வலைப் பந்தலுக்குள் நிழலில் வைக்கச் சொன்னார். சேறான மண்ணைக் கொட்டிவிட்டுப் புது மண் போட வைத்தார். பந்தலைச் சுற்றிக் கோணி கட்டி, அந்தக் கோணியை மட்டும் நனைக்கச் சொன்னார். தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு கணு ஆழத்துக்குக் காய்ந்திருந்தால் ஒரு சொம்பு. இல்லாவிட்டால் கிடையாது. உரம் கிடையாது, மருந்து கிடையாது.

"மேஸ்திரி, கொஞ்சம் யூரியா தூவலாமா?"

"சொரம் அடிச்சவனுக்குப் பிரியாணி போடுவியா? கையைக் கட்டிக்கினு நில்லு."

"ஒரு வேளை தண்ணியாவது..."

"கையைக் கட்டிக்கினு நில்லுன்னேன்."

தண்ணீரை எடுத்து ஊற்றினால் ஏதோ செய்தோம் என்று மனசு ஆறும். செடி ஆறாது. கெட்டுப்போன ஒன்றைப் பார்த்ததும் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பு நம்முடைய பயத்துக்கு நாம் கொடுக்கிற மருந்து. செடிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாசம் பிடித்தது. நான் உண்மையாகவே இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பந்தல் வாசலில் நின்றிருக்கிறேன். அந்த வழியாகப் போகிற ஆம்பிளைகள், "இன்னா முனியம்மா, ஸ்கூல்ல நிக்க வெச்சுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் பவுனு என்னோடு பேசவில்லை. நாள் கணக்காகப் பேசவில்லை. மற்ற பெண்களும் முன்னால் நடந்து போவார்கள், நான் பின்னால். அஞ்சலை ஒருத்திதான் புண் காலை இழுத்துக்கொண்டு என்னோடு வருவாள்.

"இன்னா யக்கா, என் வரிசை எப்பிடி நிக்குது?" என்பாள்.

"நிக்குதுடி, நிக்குது."

"இல்ல, எப்பிடி நிக்கப்போவுதுன்னு பாருன்னு சொன்னியே, அதான் கேட்டேன்."

அந்தக் குத்தலைத் தினமும் வாங்கிக்கொண்டேன். அவளுக்கு அந்த உரிமை இருந்தது.

பதினெட்டாம் நாளா, பத்தொன்பதாம் நாளா, எனக்கு நினைவில்லை. காலையில் விரல் விட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாவது வரிசையில் ஒரு குச்சியின் உச்சியில் அரிசி நுனி அளவுக்கு ஏதோ இருந்தது. தூசி என்று ஊதினேன். போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அடுத்த தொட்டியில் இரண்டு. அதற்கு அடுத்ததில், உச்சியில் ஒன்று, பக்கத்தில் ஒன்று.

"பவுனு!" என்று கத்தினேன். பேச்சுவார்த்தை இல்லை என்பதை மறந்துவிட்டேன். அவளும் மறந்துவிட்டு ஓடிவந்தாள். ஏழு பேரும் வந்து குனிந்து பார்த்தார்கள். பவுனு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். "சனியன் புடிச்ச செடி, முன்னாடியே வந்து தொலைக்கறது இல்ல?" என்று திட்டிக்கொண்டே அழுதாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. இடுப்பில் இத்தனை நாள் தூக்கி வைத்திருந்த ஒரு குடத்தை யாரோ வாங்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. மாசக் கடைசியில் டீச்சரம்மா பார்க்க வந்தபோது, இலைகள் விரல் நீளம் வந்திருந்தன. எல்லாம் பச்சை. மஞ்சள் கிடையாது, சிவப்பு கிடையாது, ரோஸ் நரம்பு கிடையாது. கறிவேப்பிலை மாதிரி வெறும் பச்சை.

"இது நம்ம ரகமா?" என்றார் டீச்சரம்மா.

துளிர்த்தால் இருங்கள் என்றுதான் சொன்னார். பச்சையாகத் துளிர்த்தால் என்ன என்று சொல்லவில்லை. மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார்.

"இது இப்பதான் பொறந்திருக்கு. பொறந்த கொயந்தைக்கு மீசை கேக்கறீங்களேம்மா. வெயில் பட்டாதான் கலரு வரும். கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுத்து வெக்கணும்."

அப்படியே செய்தோம். முதல் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம். அடுத்த வாரம் இரண்டு மணி நேரம். தொட்டியை எடுத்து வெளியே வைப்பது, உள்ளே வைப்பது. அந்த வேலையை எட்டுப் பேரும் முனகாமல் செய்தோம். ஒரு நாள் காலை, நரம்பு ஓரத்தில் மஞ்சள் ஒரு கோடு போட்டிருந்தது. அதற்கப்புறம் நிற்கவில்லை. முந்நூறில் நாற்பது போல செத்துப்போனது. நான் ஊற்றின தண்ணீர் தின்றது அது. மண்டபத்துக்காரர்கள் அதற்குள் வேறு இடத்தில் தொட்டி எடுத்துவிட்டார்கள். டீச்சரம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சம் வேறு வேறு வீடுகளுக்குப் போனது. இந்தப் பக்கம் யார் வீட்டு வாசலிலாவது பழைய அகல இலை குரோட்டன்ஸ் பார்த்தால், நான் குளிப்பாட்டினதாக இருக்கும்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்களும் வெறுங்கையோடு இங்கே வரவில்லை. ஒருத்தி தறியில் இருந்து வந்திருக்கிறாள், ஒருத்தி கம்பெனியில் இருந்து, ஒருத்தி கல்யாணச் சமையலில் இருந்து. உங்கள் கைக்கு ஒரு பழைய வேலை தெரியும். அது நல்ல வேலைதான், அதற்காகத் தலை குனிய வேண்டாம். ஆனால் கை தானாக ஓடும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, இந்தச் செடிக்கு இது தேவையா என்று கேளுங்கள். தப்பு நடந்துவிட்டால், செத்ததையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். சாகாமல் நிற்பது எது, அதை வைத்தது யார், அவள் எதைச் செய்யாமல் விட்டாள் என்று தேடுங்கள். அது நீங்கள் திட்டினவளாக இருந்தாலும் போய்க் கேளுங்கள். பேச வேண்டியதை மெஷின் ஓடுவதற்கு முன்னால் பேசிவிடுங்கள். நான் கொஞ்சம் தாமதமாகத்தான் பேசினேன். அந்தத் தாமதத்துக்கு ஒரு தாய்ச்செடியின் தாழ்ந்த கிளை போனது. மேற்குக் கோடியில் கிளை வெட்டின தழும்போடு ஒன்று நிற்கிறதே, அதுதான். பதியன் கட்டப் போகும்போது பாருங்கள்.

நாங்கள் எட்டுப் பேரும் இருக்கலாம் என்று டீச்சரம்மா வாயால் சொல்லவே இல்லை. ஒரு நாள் காலையில் வந்தபோது, பந்தலுக்கு முன்னால் புதுசாக இருநூறு கவர் குரோட்டன்ஸும், காலித் தொட்டிகளும் அடுக்கியிருந்தது. டீச்சரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி பக்கத்தில் நின்றார்.

"மாத்துங்க" என்றார் டீச்சரம்மா. "நான் பார்க்கணும்."

எட்டுப் பேரும் உட்கார்ந்தோம். கவரைக் கிழித்தேன். மண் கட்டியை இரண்டு கையாலும் முட்டை மாதிரி ஏந்திக்கொண்டேன். தொட்டிப் பக்கம் திரும்பும்போது, எனக்கே தெரியாமல், என் வலது கால் முன்னால் நீண்டுவிட்டது.

எல்லோரும் கை வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் காலைப் பார்த்தேன். டீச்சரம்மா காலைப் பார்த்தார். மேஸ்திரியும் காலைப் பார்த்தார்.

"யக்கா," என்றாள் அஞ்சலை, "அந்தக் காலை இப்பிடிக் குடு, நான் புடிச்சிக்கறேன். நீ செடியை வை."

முதலில் சிரித்தது டீச்சரம்மாதான். நாற்காலியில் இருந்து விழுந்துவிடுவாரோ என்று பயமாகிவிட்டது. தோட்டம் முழுக்கச் சிரித்தது. நான் காலை மடக்கிப் புடவைக்குள் வைத்துக்கொண்டு, மண் உதிராமல் செடியைத் தொட்டியில் இறக்கினேன். ஒரு இலைகூட அசையவில்லை.